தொப்புளுக்கு மேலே தொடங்கிய பாடம்

என் மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூருக்குப் பஸ் ஏறுகிறாய். போன வாரம் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "என்னம்மா சொல்லுத? போகட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டாய். நான் குக்கர் மூடியைக் கழுவ ஆரம்பித்தேன். கழுவிய மூடியையே மறுபடியும் கழுவினேன், நீயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். வகுப்பு நிறைய மாணவர்களை உட்கார வைத்து மூச்சு விடாமல் பேசுகிறவள், சொந்தப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் வாயடைத்துப் போகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவிடமும் இதைக் காட்டு, அவரும் இதில் வருகிறார். கொரோனா காலத்தில் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தே டாக்டருக்குப் படித்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் யார் இந்தக் கடிதத்தை வாசித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நீ எடுத்த முடிவில் குற்றம் சொல்ல எனக்கு இடமே இல்லை, அதுதான் சிக்கல். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் டூட்டி டாக்டராக இருந்தாய். வயிற்று வலி என்று யார் வந்தாலும் முதலில் ஸ்கேனுக்கு எழுதிவிட்டு, ரிப்போர்ட் வந்த பிறகுதான் வயிற்றில் கை வைப்பேன் என்று நீயே சொன்னாய். "கை வச்சா எனக்கு ஒண்ணும் தட்டுப்பட மாட்டேங்கும்மா. ரிப்போர்ட்டப் பாத்த பொறவு, ஆமா, இருக்கும் போலன்னு நினைச்சுக்கிடுதேன். தொடத் தெரியாதவன் தொடாத வேலைக்குப் போறதுதான நியாயம்?" என்றாய். பெங்களூரில், வீடியோ காலில் நோயாளியைப் பார்த்து மருந்து எழுதுகிற கம்பெனி, ஏசி அறை, நைட் டூட்டி கிடையாது. உன் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். பட்டாளத்தில் வெயிலிலும் பனியிலும் நின்றே காலத்தைக் கழித்த மனுஷனுக்கு, பிள்ளை உட்கார்ந்து வேலை பார்ப்பது பெரிய பாக்கியமாகத் தெரிகிறது. எனக்கு அந்த 'நியாயம்' என்ற வார்த்தைதான் உறுத்தியது. தெரியாததைத் தெரிந்த மாதிரி நடிக்கக் கூடாது என்று நினைக்கிற பிள்ளை நீ. அந்த யோக்கியத்தை நான் எப்படிக் கண்டிக்க?

கொரோனா வந்த வருஷத்தை நினைத்துப் பார். உன் கல்லூரி உன்னை மூட்டை முடிச்சோடு வீட்டுக்கு அனுப்பியது. நான் வேலை பார்க்கிற கல்லூரி, 'வீட்டிலிருந்தே வகுப்பு எடுக்கவும்' என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. இராஜபாளையத்து வீட்டில் மாடியறையில் நீ மாணவன், கீழே முன்னறையில் நான் வாத்தியார். வார்டில் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தவள்தான், மைக்கை எப்படி அணைப்பது என்று தெரியாது. முதல் வகுப்பில், பக்கத்து வீட்டில் தெலுங்கில் நடந்த சண்டை முழுசும் என் மாணவர்களுக்குக் கேட்டது, என் பாடம் கேட்கவில்லை. எங்கள் சர்ஜரி பேராசிரியர் ஒரு மணி நேரம் குடலிறக்கத்தைப் பற்றிப் பிரமாதமாகப் பேசிவிட்டு, மைக் அணைந்திருந்தது தெரிந்ததும் எனக்குப் போன் போட்டார். "பிள்ளைக ஒருத்தரும் சொல்லலையே மேடம்," என்று அழாத குறையாகச் சொன்னார். பிள்ளைகள் எங்கே சொல்ல? கேமராவை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள், கறுப்புக் கட்டத்தில் பெயர் மட்டும் உட்கார்ந்திருக்கும். பிளவக்கல் பக்கத்துப் பையன் ஒருவன் சிக்னலுக்காக அணைப் பக்கம் மேட்டில் வண்டியை நிறுத்திப் பாடம் கேட்பான். மழை வந்தால் அவன் பெயர் திரையிலிருந்து மறைந்துவிடும். "கேக்குதா? கேக்குதா?" என்று நான் கத்துவதைப் பார்த்து நீ மாடிப்படியில் உட்கார்ந்து சிரிப்பாய்.

நோய்களைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் திரையில் பேசி ஒப்பேற்றிவிடலாம். கை வைத்துப் பார்ப்பதை எப்படிச் சொல்லிக் கொடுக்க? ஒரு மாணவன் முதன்முதலாக நோயாளியின் வயிற்றில் கை வைக்கும்போது விரலெல்லாம் விறைத்துப் போய், தோசைக் கரண்டி மாதிரி நிற்கும். வார்டில் நான் அந்தக் கையின் மேல் என் கையை வைப்பேன். குத்தாதே, தேடாதே, சும்மா காத்திரு, அவர் மூச்சை இழுக்கும்போது வீங்கிய மண்ணீரல் தானே இறங்கி வந்து உன் விரலை இடிக்கும் என்பேன். செத்த நேரத்தில் இடிக்கும். அப்போது அந்தப் பிள்ளையின் முகம் மாறும் பார், அதைப் பார்க்கத்தான் நான் பணம் வருகிற பிராக்டிஸை விட்டுவிட்டு வாத்தியார் வேலையில் இத்தனை வருஷம் கிடந்தேன். என் கையின் சூடு போனுக்குள் போகாது. இதை டீனிடம் சொன்னேன். "எல்லாரும் எப்படியோ சமாளிக்கிறார்கள் மேடம், நீங்களும் ஒரு வீடியோ எடுத்துப் போட்டுவிடுங்கள்," என்றார்.

வீடியோவுக்கு நோயாளி வேண்டும். வார்டுக்குள் கொரோனா. அதனால் நீ கிடைத்தாய். முன்னறைக் கட்டிலில் உன்னைச் சட்டையில்லாமல் படுக்க வைத்து, அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். அவர் அதைத் துப்பாக்கி பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் விறைப்பாக நின்றார். நான் விரலை வைத்ததும் நீ கூச்சத்தில் நெளிந்தாய். "ஏலே, சிரிக்காத. மூச்ச இழுத்து விடு. ஒங்கம்மா எம்புட்டு நேரமாச் சொல்லுதா," என்று அப்பா அதட்டினார். மண்ணீரலை எப்போதும் வலது அடிவயிற்றிலிருந்து தொடங்கித் தேட வேண்டும். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் கையை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இடது விலாவை நோக்கி நகர வேண்டும். ஏனென்றால் அது எவ்வளவு பெரிதாகிக் கீழே இறங்கியிருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. நான் வேட்டியைச் செத்த இறக்கச் சொன்னேன். நீ இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டாய். "வேண்டாம்மா, கேர்ள்ஸ் எல்லாம் பாப்பாங்க." அப்பா உனக்குப் பரிந்து பேசினார். "வயசுப் பையன இப்பிடியா ஊரு பாக்கப் படுக்க வைப்ப? தொப்புளுக்கு மேலயே எடுப்போம். வாயால சொல்லிக்கோ." எனக்கும் சிரிப்புதான் வந்தது, சரி என்றேன். 'வலது அடிவயிற்றிலிருந்து தொடங்க வேண்டும்' என்று அந்த வீடியோவில் என் குரல் தெளிவாகச் சொல்கிறது. என் கை தொப்புளுக்கு மேலே தொடங்குகிறது.

அந்த வீடியோ கல்லூரியில் பெரிய பெயர் எடுத்தது. வெளிச்சம் நன்றாக இருந்தது, உன் விலா எலும்புகள் பாடப் புத்தகப் படம் மாதிரி தெரிந்தன. நிர்வாகம் எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது, அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டினார். கொரோனா போனது, பிள்ளைகள் விடுதிக்குத் திரும்பி வந்தார்கள், வீடியோ மட்டும் போகவில்லை. ஒவ்வொரு வருஷமும் புதிதாக வருகிற மாணவர்களுக்கு முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். 'பார்த்தாயிற்றே' என்று சொல்லி வார்டு நேரத்தைக் குறைத்தார்கள். ஓய்வு பெற்றுப் போன பேராசிரியர்களின் இடத்துக்கு ஆள் போடவில்லை. இருக்கிற ஒன்றிரண்டு பேர் வெளி நோயாளிகளைப் பார்ப்பதா, ஒவ்வொரு பிள்ளை கைமேலும் கை வைப்பதா? நானே களைத்துப் போய், "வீடியோவில் பார்த்தீர்களே, அப்படியே செய்யுங்கள்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்திருக்கிறேன்.

இனி எழுதப் போவதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. போன வருஷம் இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வுக்கு, சேத்தூரிலிருந்து பேச்சியம்மாள் என்ற ஒருவரை வரச் சொல்லியிருந்தேன். வயல் வேலை செய்கிறவர். அவருக்கு ரத்தத்தில் ஒரு வகைப் புற்றுநோய். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் வருஷக்கணக்கில் நடமாடலாம். மாத்திரை தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, மண்ணீரல் தொப்புளைத் தாண்டி இறங்கியிருந்தது. தேர்வுக்கு அதைவிட எளிதான நோயாளி கிடையாது, கண்ணில்லாதவர்கூடக் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். மாணவர்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரும் கையைத் தொப்புளுக்கு மேலே, நேராக அந்த மண்ணீரலின் முதுகிலேயே வைத்தார்கள். சோற்றுப் பானை மேல் கையை வைத்துக்கொண்டு பானை எங்கே என்று தேடுகிற கதை. விளிம்பு எங்கேயோ கீழே கிடக்கிறது, மேலே எல்லாம் ஒரே சீராக இருக்கிறது, அவர்கள் விரலுக்கு என்ன தெரியும்? "மண்ணீரல் தட்டுப்படவில்லை," என்று என் வாக்கியத்தை ஆங்கிலத்தில், நான் இழுக்கிற இடத்தில் இழுத்து, நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்திச் சொன்னார்கள். மண்ணீரல் வீங்காத உன் ஒட்டிய வயிற்றில் கை வைத்துக்கொண்டு நான் சொன்ன வாக்கியம் அது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பேச்சியம்மாள் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மற்றப் பகுதிகளில் மதிப்பெண் வாங்கி எல்லாரும் தேறிவிட்டார்கள்.

பேச்சியம்மாள் சும்மா படுத்திருக்கவில்லை. "கட்டி இருக்கா தம்பி?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டிருக்கிறார். நல்ல பிள்ளைகள், அன்பாகவே, "ஒண்ணும் இல்லம்மா," என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் முடிந்து அவர் சேலையைச் சரி செய்துகொண்டு எழுந்தபோது முகம் பூத்துக் கிடந்தது. "யம்மா, கட்டி கரைஞ்சு போச்சாம்ல! அம்புட்டுப் பேரும் சொல்லுதாக!" என்றார். இல்லை, அப்படியேதான் இருக்கிறது, மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. ஒரு கூட்டமே இல்லை என்கிறது, ஒருத்தி மட்டும் இருக்கிறது என்கிறாள். யாரை நம்புவார்?

அடுத்த மாதம் மாத்திரை வாங்க அவர் வரவில்லை. நர்ஸை விட்டுப் போன் பண்ணச் சொன்னேன், எடுக்கவில்லை. ஒரு லீவு நாளில் நானே சேத்தூருக்குப் பஸ் ஏறினேன். என்னைக் கண்டதும் அவருக்குக் கை கால் ஓடவில்லை, காப்பி போட ஓடினார். கட்டி கரைந்ததற்காக ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளுக்கு மாலை சாத்திவிட்டு வந்ததாகச் சொல்லி, எனக்கும் பிரசாதம் கொடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து அவருடைய அடிவயிற்றில் வைத்து, அந்த விளிம்பை அவருக்கே காட்டினேன். "இது சதைம்மா. செத்த ஒடம்பு பூசியிருக்கேன்ல," என்று சிரித்தார். கொண்டுபோன மாத்திரையை மரியாதைக்கு வாங்கி மாடத்தில் வைத்துக்கொண்டார். "படிச்ச பிள்ளைக பொய்யா சொல்லும்? நீங்க வெசனப்படாதீக," என்று பஸ் வரைக்கும் வந்து என்னை ஏற்றிவிட்டார். அறுப்புக் காலத்தில் அவரை எங்கள் வார்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது நோய் மாத்திரைக்குக் கட்டுப்படுகிற நிலையைத் தாண்டியிருந்தது. நான் தினமும் போய்ப் பக்கத்தில் நின்றேன். கடைசி வாரத்திலும் அவர் யாரையும் குறை சொல்லவில்லை. திரும்ப வந்துவிட்டது போல என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். இறந்துபோனார்.

அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள், வேறு எடுத்துத் தருகிறேன் என்று கல்லூரியில் கேட்டேன். கல்லூரியை ஆய்வு செய்ய வந்த அதிகாரிகள் பாராட்டிவிட்டுப் போன வீடியோ, மாற்றுவதென்றால் குழு கூட வேண்டும் என்றார்கள். குழு கூடவில்லை. இப்போதெல்லாம் வகுப்புக்கு வகுப்பு நான் வாயால் திருத்திச் சொல்கிறேன். பிள்ளைகள் தலையாட்டிவிட்டு, விடுதிக்குப் போய் அந்த வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். அந்த வேகத்தில் என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

போன வாரம் அடுப்படியில் நீ, கை வைத்தால் தட்டுப்படவில்லை என்று சொன்னபோது, எங்கே தொடங்குவாய் என்று நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நீ உன் டீ-ஷர்ட் மேல் கையை வைத்துக் காட்டினாய். தொப்புளுக்கு மேலே. உன் கல்லூரியிலும் கறுப்புக் கட்டத்துக்குள்தான் பாடம் நடந்தது. நீ படித்தது முழுக்க, அன்றைக்கு நம் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு உன் வயிற்றில் நீயே உணர்ந்த என் கையைத்தான். அப்போதுதான் நான் திரும்பிக் குக்கர் மூடியை எடுத்தேன். உன் கூச்சத்தின் மேல் பழி போடுகிறேன் என்று நினைத்துவிடாதே. அந்த வயதில் எந்தப் பையனும் இடுப்பைப் பிடித்துக்கொள்வான், எந்த அப்பாவும் பரிந்து பேசுவார். எல்லாரும் உள்ளே அடைந்து கிடந்த காலத்தில், எங்களிடம் இருந்ததை வைத்து எங்களுக்குத் தெரிந்ததைச் செய்தோம். உன் கையில் ஒரு குறையும் இல்லை, இதை மட்டும் நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

அப்படியென்றால் கீழேயிருந்து தொடங்கினால் போதுமே, போக வேண்டாமே என்று நீ சொல்லலாம். அப்பா கட்டாயம் சொல்வார், அவருக்கு எல்லாக் கோளாறும் ஒரு திருகாணியை முறுக்கினால் சரியாகிவிடும். போதாதய்யா. இந்த ஒன்று எனக்குத் தெரிய வந்தது, பேச்சியம்மாள் போனதால் தெரிய வந்தது. போனுக்குள் பிடிபடாமல் வெளியே விட்டுப் போனது இன்னும் என்னென்னவோ, எனக்கே தெரியாது. நுரையீரலில் நான் எதை விட்டேன்? இதயத்தில் எதை? ஒரு கை பழக நூறு வயிறு வேண்டும், பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். உன்னைக் கூப்பிட்டு இனிமேல் அப்படிப் பழக்க எந்த ஆஸ்பத்திரியில் யாருக்கு நேரம் இருக்கிறது? ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இரு என்று சொன்னால், நீ மறுபடியும் ஸ்கேனுக்கு எழுதுவாய், ராத்திரி தூங்க மாட்டாய். இருந்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. சந்தோஷமாகப் போய் வா என்றும் வரவில்லை. எனக்கு மனசு விட்டுப் போயிருக்கிறது, அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

போய் வா. ஒன்றே ஒன்று சொல்கிறேன், இது அம்மாவாகச் சொல்வது அல்ல, வாத்தியாராகச் சொல்வது. நீ அந்த ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும்போது, திரையில் யாராவது ஒருவர், களைப்பாக இருக்கிறது, இடது பக்கம் கனமாக இருக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்பார். சாயங்காலத்துக்குள் நாலைந்து பேர்கூடச் சொல்வார்கள். அவர்களுக்குச் செரிமான மாத்திரை எழுதாதே. 'ஒண்ணும் இல்ல' என்று மட்டும் யாரிடமும், எவ்வளவு அன்பாகக்கூட, சொல்லிவிடாதே. வயிற்றில் கை வைத்துப் பார்க்கிற டாக்டரிடம் நேரில் போங்கள் என்று சொல். யாரிடம் போகட்டும் சார் என்று கேட்பார்கள். நம்ம பக்கத்து ஆட்கள் என்றால் என்னிடம் அனுப்பு. மே மாதத்தோடு எனக்கு ஓய்வு, என் இடத்துக்கும் ஆள் போடவில்லை. அதற்குப் பிறகு கேட்டால் யார் பெயரைச் சொல்வது என்று நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இதுவரை ஒரு பெயரும் வரவில்லை.

உன் அம்மா